பூவிழியின் வயிறும் ஊரார் கணக்கும்

மரக்காணம் உப்பளத்தில் ஒரு பெண் உண்டாகியிருந்தால், டாக்டருக்கு முன்பே உடன் வேலை செய்கிற பெண்கள் சொல்லிவிடுவார்கள். கூடையில் உப்பை அள்ளிப் போடக் குனியும்போது சேலைக்கட்டு எங்கே நிற்கிறது, தலைச்சுமையோடு வரப்பில் நடக்கும்போது இடுப்பு எப்படிச் சாய்கிறது என்று பார்த்தே மாசத்தைச் சொல்லுவார்கள். பொழுதுபோகாமல் செய்கிற வேலை இல்லை இது. ஐந்து மாசம் ஆனவளைத் தலைச்சுமை தூக்க விடக்கூடாது, கூடை நிரப்புகிற இடத்துக்கோ சாக்கு தைக்கிற கொட்டகைக்கோ மாற்றிவிட வேண்டும் என்பது அந்தப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற சட்டம். மேஸ்திரிகூட அதில் வாய் வைக்க மாட்டார். எத்தனையோ வருஷமாக அவர்கள் கண்ணால் அளந்து சொன்ன மாசம் தப்பியதில்லை. அதனால்தான் பூவிழி விஷயத்தில் அவர்கள் சொன்னதை ஊரே நம்பியது.

பூவிழிக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. புருஷன் மணிவண்ணன் மஸ்கட்டில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலை ஒட்டி வருவான், மாசி பிறக்கிறதற்குள் கிளம்பிவிடுவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் மாமியார் செல்லம்மாளும் இவளும்தான். இரண்டு பேரும் பேசிக்கொள்வது தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்ததா என்கிற அளவில் இருக்கும்.

பூவிழிக்கு மாசா மாசம் போகிற ரத்தம் சாதாரணமாகப் போகிறது இல்லை. விலக்கான நாட்களில் அவள் கறுப்பும் கத்தரிப்பூவுமாகத்தான் சேலை கட்டுவாள். துணி மேல் துணி வைத்தும் நனைந்துவிடும். சில மாசம் நிற்கவே நிற்காது, அடுத்த மாசத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். படி ஏறினால் மூச்சு வாங்கும், கண்ணுக்குள் பூச்சி பறக்கும். “உப்புத் தண்ணியில நிக்கிறோம், வெயில் மண்டைய பொளக்குது. சூடு, வேற இன்னா” என்று உப்பளத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதைத்தான் நம்பினாள். பத்து வருஷத்தில் அவள் ஊறவைத்து விழுங்கின வெந்தயத்தை வைத்து ஒரு மளிகைக்கடையே போட்டிருக்கலாம்.

நடுவில் இரண்டு தடவை கரு நின்றது. இரண்டு தடவையும் நின்றதும் நிற்காததுமாகச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் சொன்னாள். இரண்டும் மூன்றாம் மாசத்தில் கலைந்துபோனது. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. “போனது போச்சு, போய் இன்னாத்த காட்டுறது?” என்று செல்லம்மாள் கேட்டாள். ஆனால் பூவிழி ஒரு முடிவு மட்டும் எடுத்துக்கொண்டாள். அடுத்த தடவை நான்காம் மாசம் தாண்டுகிற வரை யாரிடமும் மூச்சு விடப் போவதில்லை. கண்ணேறு பட்டுத்தான் கலைகிறது என்று அவளுக்குப் பட்டது.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் பாத்திகளில் மழைத்தண்ணீர்தான் நிற்கும். அந்த மாசங்களில் பூவிழி குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை துடைக்கிற வேலைக்குப் போவாள். பஸ் செலவும் அலைச்சலும் மிச்சம் என்று அங்கேயே பின்கட்டில் தங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவாள். அங்கே சமையல் செய்கிற சகாயராஜ் மனைவியை இழந்தவர், ஐம்பது வயதுக்காரர். போன ஐப்பசியில் ஒரு நாள் மழையில் பஸ் வராமல் நின்றபோது கீழ்புத்துப்பட்டு வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விட்டார். ஐயனார் கோயிலுக்கு வந்திருந்த சுலோசனா அதைப் பார்த்தாள். உப்பளக் கூட்டத்தில் வாய்க்காரி அவள்தான். “இன்னாடி, வண்டியெல்லாம் ஏறி வர்ற?” என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். இவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்தப் பொங்கலுக்கு மணிவண்ணன் வந்தான். அவன் வந்த சில நாளில் உப்பளத்தில் முதல் உப்பு வாருகிற பூஜை நடந்தது. அன்றைக்குப் பாத்திக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் உப்பு வாருகிற பலகையைத் தொடுவார்கள். விலக்கான பெண்கள் பாத்தியில் இறங்காமல் ரோட்டோரம் தள்ளி நிற்க வேண்டும். பூவிழி தள்ளி நின்றாள். கூட்டம் முழுக்கப் பார்த்தது. பிறகு அந்த மாசக் கடைசியில் கரு நின்று, மணிவண்ணன் மஸ்கட் போய்ச் சேர்ந்த பிறகு, அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

மருந்துக்கடையில் கார்டு வாங்கி அவளே பார்த்தாள். இரண்டு கோடு வந்தது. குளியலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. பாலைவனத்தில் சாரத்தின் மேல் நிற்கிற மனுஷன், கலைந்துபோனால் அதையும் அங்கேயே நின்று கேட்க வேண்டுமே என்று நினைத்தாள். கழுத்து வலி என்று மேஸ்திரியிடம் பொய் சொல்லிக் கூடை நிரப்புகிற வேலைக்கு மாறிக்கொண்டாள். உப்பைப் பார்த்தாலும் வானத்தைப் பார்த்தாலும் உள்ளுக்குள் ஒரே பேச்சுத்தான்: தங்கிவிடு, தங்கிவிடு. அந்த நாட்களில் அவள் தனியாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. தனிமை பிறகுதான் வந்தது.

சித்திரைக் கடைசி வெயிலில் சேலைக்கட்டு நிற்கவில்லை. வயிறு திடுதிப்பென்று முன்னால் வந்துவிட்டது. சுலோசனா கூடையை இறக்கிவிட்டு அவளைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“ஏய், இன்னாடி இது? முழுசா ஆறு மாசம். ஒரு வார்த்த சொல்லல?”

“நாலு தாங்க்கா ஆவுது.”

“யாருகிட்ட கத வுடுற? நாலு மாசம் இப்படியா இருக்கும்? நான் மூணு பெத்தவ.”

மற்றவர்களும் வந்து பார்த்தார்கள். ஒருத்தியாவது நாலு என்று சொல்லவில்லை. அன்றைக்கே சட்டப்படி அவளைச் சாக்கு தைக்கிற கொட்டகைக்கு மாற்றினார்கள். மாற்றிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் வரப்பு முனையில் நின்று ஏதோ பேசினார்கள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். பூவிழிக்கு அப்போதும் புரியவில்லை.

அந்த வாரமே, வைகாசி பிறந்ததும், அங்கன்வாடியில் நர்சம்மா வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். பூவிழி போய்ப் பதிவு செய்தாள். நர்சம்மா டேப் வைத்து வயிற்றை அளந்துவிட்டு, “நாள் சரியா சொல்றியாம்மா? ஏழு மாச அளவு இருக்குதே” என்று கேட்டார். அறை சின்னது, வெளியே பெஞ்சில் ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, “ரெட்டையா இருக்கலாம், கட்டி ஏதாச்சும் இருக்கலாம். திண்டிவனம் போய் ஸ்கேன் பாத்துட்டு வா” என்று அக்கறையாகத்தான் சொன்னார். அது பெஞ்சு வரை போகவில்லை. ஏழு மாசம் என்ற பேச்சு மட்டும் போனது.

வைகாசியிலிருந்து பின்னால் ஏழு மாசம் எண்ண எந்தப் படிப்பும் வேண்டாம். எண்ணினால் ஐப்பசியில் போய் நிற்கும். ஐப்பசியில் மணிவண்ணன் மஸ்கட்டில் இருந்தான். பூவிழி குயிலாப்பாளையத்தில் இருந்தாள். கீழ்புத்துப்பட்டில் பைக்கிலிருந்து இறங்கினதைச் சுலோசனா பார்த்திருக்கிறாள். இதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்? மூன்று மாசம் மறைத்து வைத்திருந்தது வேறு. தப்பு இல்லாதவள் ஏன் மறைக்கிறாள் என்று கேட்டார்கள். கண்ணேறுக்குப் பயந்து மூடி வைத்த வாய் இப்போது அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

அவள் நேராகப் போய் சுலோசனாவிடமே கேட்டாள். “முதல் உப்பு அன்னிக்கு நான் ரோட்டோரம் தள்ளி நின்னேனே. நீங்க எல்லாரும் பாத்தீங்களே. ஐப்பசியில உண்டானவ தையில எப்படிக்கா தள்ளி நிப்பா?”

சுலோசனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “உனக்குத்தான் எப்பவும் போயிக்கினே இருக்குமே. அத வெச்சு இன்னாத்த சொல்றது?”

பூவிழி கொட்டகைக்குத் திரும்பினாள். பத்து வருஷம் அவளிடமிருந்து போன ரத்தம் அத்தனையும் போய், கடைசியில் ஒரு நாளைக்குக்கூட அவள் பக்கம் பேச அதற்கு வக்கில்லை என்று ஆகிவிட்டது. அன்றைக்குக் கொட்டகையில் ஊசி கையில் குத்தினதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

செல்லம்மாள் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். ஒரு சத்தமும் போடவில்லை, திட்டவில்லை. மருமகள் வடித்த சோற்றைத் தொடாமல் தனக்கு மட்டும் ஒரு சின்னக் குண்டானில் பொங்கிக்கொண்டாள். திட்டியிருந்தால் பூவிழி பதிலுக்குத் திட்டியிருப்பாள், மனசாவது ஆறியிருக்கும். மகனுக்குப் போன் போட்டு என்ன சொன்னாளோ, அன்றைக்குச் சாயந்திரம் மணிவண்ணனின் அழைப்பு வந்தது.

“எனக்கு ஏன் சொல்லல?”

“தங்குதா பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேங்க. ரெண்டு தடவ போச்சே.”

அவனுக்குப் பின்னால் யாரோ இந்தியில் கத்துகிற சத்தம் கேட்டது. “பூவிழி, உண்மைய சொல்லு. எத்தினி மாசம்?”

“நீங்க இருந்துட்டுப் போனதிலிருந்து எண்ணிக்கோங்க.”

“அம்மா வேற மாதிரி சொல்லுதே.”

“நீங்க இன்னா சொல்றீங்க?”

“நான் இங்க இருக்கேன். எனக்கு இன்னா தெரியும்?” என்றான் அவன்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அலுப்பாகச் சொன்னான். போனை வைத்த பிறகு பூவிழி நெடுநேரம் அந்த இடத்திலேயே நின்றாள். ஊர் சொல்லட்டும், மாமியார் சொல்லட்டும். இவன் ஒருத்தன் நம்பினால் போதும் என்றுதான் அவள் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். அது போனதும் நடையே மாறிவிட்டது.

திண்டிவனத்துக்குத் தனியாகத்தான் போனாள். ஸ்கேன் பார்த்த டாக்டர் வயதில் இவளைவிடச் சின்னவள். திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு மூலையில் ஏதோ துடித்தது.

“இதுதான் குழந்த. நாலு மாசம்தான் ஆவுது, நல்லா இருக்குது. மீதி வயிறு இந்தக் கட்டி.”

“கட்டியா?”

“கர்ப்பப்பை சதையிலேயே வளர்றது. ஃபைப்ராய்டுன்னு சொல்லுவோம். கேன்சர் இல்ல, பயப்படாதீங்க. நிறைய பேருக்கு இருக்கும், தெரியாமலே போயிடும். உங்களுக்குப் பெருசு, ஒரு தேங்கா அளவு இருக்குது. சின்னச் சின்னதா இன்னும் ரெண்டு இருக்குது. மாசா மாசம் ரத்தம் நிறைய போகுமா?”

பூவிழி தலையாட்டினாள்.

“அது இதனாலதான். ரத்தமே இல்ல உங்க உடம்புல. முன்னாடி கலைஞ்சிருக்கா?”

“ரெண்டு தடவ.”

“உள்பக்கமா வளர்ற கட்டி கரு ஒட்டுறதுக்கு எடம் குடுக்காது. அதனால கலைஞ்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது, அப்பவே பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“இப்ப எடுத்துட முடியாதாங்க?”

“இப்ப தொட்டா ரத்தம் நிக்காது. பிரசவம் ஆவட்டும். நடுவுல வலி வரலாம், குழந்த திரும்பாம உக்காந்துக்கலாம், முன்னாடியே பொறக்கலாம். ஆனா நிறைய பேருக்கு நல்லபடியாவே பொறக்குது. எது வந்தாலும் உடனே வந்துடணும்.”

வெளியே வராண்டாவில் உட்கார்ந்து அவள் அழுதாள். நாலு மாசம் என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டதற்காகக் கொஞ்சம், வெந்தயம் தின்று தொலைத்த பத்து வருஷத்துக்காக நிறைய. முன்னே கலைந்த இரண்டு கருவும் கண்ணேறு பட்டுப் போகவில்லை. ஒரு தடவை யாராவது கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்திருந்தால் தெரிந்திருக்கும். இதைச் சொல்லக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து செல்லம்மாளிடம் சொன்னாள். “வயித்துல கட்டியும் இருக்குதாம், புள்ளையும் இருக்குதாம். கேக்குறவ கேனச்சியா இருந்தா எல்லாம் இருக்கும்” என்று கிழவி குண்டானைக் கழுவப் போய்விட்டாள். மணிவண்ணனிடம் போனில் சொன்னாள். அவன் “சரி” என்றான். “உடம்ப பாத்துக்கோ” என்றான். அதற்குப் பிறகு அவன் அழைப்பது குறைந்துவிட்டது. அழைத்தாலும் அம்மா மருந்து சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

ஆனி மாசத்தில் ஒரு மத்தியானம் கட்டி வலிக்க ஆரம்பித்தது. அடிவயிற்றின் ஒரு பக்கத்தை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி, கூடவே காய்ச்சல். இதுவும் போய்விட்டது என்று அவள் நினைத்தாள். “அத்த” என்று கூப்பிட்டாள். செல்லம்மாள் வாசல்படி வரை வந்து பார்த்தாள். “நாள் நெருங்குதில்ல, வலி வரத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு நின்றாள். அந்தக் கணக்கை அந்த நேரத்திலும் விடவில்லை அவள். 108-க்குப் பூவிழியே போன் செய்தாள், அவளே நடந்துபோய் ஏறினாள்.

கட்டிக்குப் போகிற ரத்தம் போதாமல் அது உள்ளேயே வாடுகிறதால் வந்த வலி, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். இரும்புச்சத்து மருந்தைப் பாட்டிலில் ஏற்றினார்கள். “கூட யாரும்மா இருக்காங்க?” என்று ஒவ்வொரு நாளும் கேட்டார்கள். “வந்துக்கினு இருக்காங்க” என்று ஒவ்வொரு நாளும் சொன்னாள். பக்கத்துக் கட்டிலுக்கு அம்மா, அக்கா, நாத்தனார் என்று தூக்குவாளி தூக்குவாளியாக வந்தது. அவர்கள் மிச்சம் கொடுத்த ரசத்தைக் குடித்துவிட்டு இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, எது கட்டி, எது பிள்ளை என்று தடவித் தடவிப் பார்ப்பாள். அசைகிறது பிள்ளை, அசையாதது கட்டி. அந்த வார்டில் அவளுக்குப் பேச்சுத்துணை அந்த அசைவுதான்.

திரும்பி வந்தபோது ஜூலை பிறந்திருந்தது. ஊர்க் கணக்குப்படி ஜூலையில் பிறக்க வேண்டும். தெருக்குழாயில் பெண்கள் அவள் வயிற்றையே பார்த்தார்கள். “இன்னும் வலி வரலியா?” என்று கேட்டார்கள். ஜூலை போனது. பிள்ளை பிறக்கவில்லை. ஆகஸ்டில் பாதி போனது. அப்போதும் அவள் வயிற்றோடு குடம் தூக்காமல் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டது. யாரும் தப்பு என்று சொல்லவில்லை. தப்பாகப் பேசினதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஒரு நாள் செல்லம்மாளின் குண்டான் அடுப்பில் இல்லை. பூவிழி வடித்த சோற்றிலேயே போட்டுக்கொண்டு, சங்கரா மீன் குழம்பில் பெரிய துண்டாக எடுத்து மருமகள் தட்டில் வைத்தாள். செப்டம்பரில் சுலோசனா கூட்டத்தோடு கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். “ஏழுல தான் போட முடியல, ஒம்போதுல போட்டுடலாம்டி” என்றாள். கையைப் பிடித்து வளையல் ஏற்றும்போது அவள் கண் கலங்கியது. “எங்க கண்ணு எப்பவும் தப்புனதே இல்லடி” என்றாள். மன்னிப்பு கேட்க அவளுக்கு அதற்கு மேல் வராது. பூவிழி கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் பிள்ளைக்கு வளையல் சத்தம் கேட்கும் என்பார்களே, கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மணிவண்ணனும் தினம் அழைக்க ஆரம்பித்தான். சாப்பிட்டியா, தூங்கினியா, பாப்பா உதைக்குதா என்று கேட்டான். பிரசவத்துக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று என்றான். அவள் “ம்” என்று கேட்டுக்கொண்டாள்.

அக்டோபரில், தை மாசத்திலிருந்து எண்ணினால் எங்கே வர வேண்டுமோ அங்கே, பெண் குழந்தை பிறந்தது. கட்டி கீழே இடத்தை அடைத்துக்கொண்டதால் குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்திருந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ரத்தம் நிறையப் போய், இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். கட்டியைத் தொடவில்லை. தானாகச் சுருங்குகிறதா பார்ப்போம், சுருங்காவிட்டால் பிறகு யோசிப்போம் என்றார்கள்.

மறுநாள் மணிவண்ணன் வந்தான். விமான நிலையத்திலிருந்து நேராக, பெட்டியோடு. கறுத்து இளைத்திருந்தான். தொட்டிலில் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“கால் விரல பாரு, அப்படியே என்னுது.”

பூவிழி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் வலித்தது. “டிக்கெட் எப்ப போட்டீங்க?” என்று கேட்டாள்.

“ஆகஸ்ட்ல. முன்னாடியே லீவு கேட்டா குடுக்க மாட்டானுங்க.”

“நான் ஜூன்ல ஆஸ்பத்திரியில கிடந்தேன்.”

“தெரியும். அம்மா சொல்லுச்சு.”

“கூட யாரும் இல்லீங்க. டெய்லி கேட்டாங்க, வந்துக்கினு இருக்காங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “ஊரே ஒரு மாதிரி பேசுச்சு பூவிழி. நான் அங்க ஒத்தையில இருந்துக்கினு...”

“நான் வைகாசியில சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அதெல்லாம் கேட்டுட்டு சும்மா இருந்தீங்க. ஜூலை போனதுக்கு அப்புறம்தான் நம்புனீங்க.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் குழந்தை அழுதது. எழுந்து எடுக்க அவளால் முடியவில்லை. அவனுக்குத் தூக்கப் பயம். கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான். கேட்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தான்.

“தூக்குங்க. தலைக்கு அடியில கை குடுத்துத் தூக்குங்க” என்றாள் பூவிழி. “அது உங்க புள்ளதான். அதுல எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்ல.”